காலிக் கட்டம்

சான்றிதழை மாட்ட இடம் வேண்டும் என்று யோகநாதன் கூடத்துச் சுவரில் இருந்த முருகன் படத்தை ஒரு முழம் நகர்த்தினார். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போனபோது வாங்கி வந்த படம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அசையாமல் இருந்தது. இப்போது முருகன் மின்விசிறிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்க, நடுச்சுவரில் பொன்நிற ஓரம் போட்ட காகிதம் தொங்கியது. 'அட்வான்ஸ்டு வேர்ட் புராசசிங்' பயிற்சியில் இன்னார் தேறினார் என்று ஆங்கிலத்தில் எழுதி, எழுத்தைவிடப் பெரிதாக ஒரு சிவப்பு முத்திரையும் ஒட்டியிருந்தார்கள்.

"முருகனுக்கு அந்தப் பக்கம் காத்து நல்லா வரும்" என்றார் மனைவி நேசம்மாவிடம்.

மகளின் கலியாணத்துக்குப் பயத்தம் பணியாரம் செய்ய அவள் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். வறுபடுகிற பயறை விட்டுவிட்டு முருகனுக்காக வழக்காட முடியாது.

யோகநாதன் அரசாங்க இலாகா ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய ஆங்கில வரைவில் எந்த மேலதிகாரியும் பேனா வைத்ததில்லை என்பது இலாகா முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு வரைவு எழுதச் சொல்ல ஆள் இல்லை. அந்த வெறுமையில்தான், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் வாசு என்ற இளைஞன் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பு அவர் கண்ணில் பட்டது. கீழே மீன் குழம்பு கொதிக்க, மேலே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வாசு பாடம் நடத்துவான். அவன் வகுப்பில் யாரும் தோற்றதில்லை. சேர்ந்தவர்கள் எல்லாரும் அட்வான்ஸ்டுதான்.

"அங்கிள், இதுக்குப் பேர் மெயில் மெர்ஜ். ஒரு பக்கம் லெட்டர், ஒரு பக்கம் லிஸ்ட். ரெண்டையும் சேர்த்து விட்டா, கம்ப்யூட்டரே ஆளாளுக்குப் பேர் போட்டு அடிச்சுக் குடுத்திரும் லா."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"நீங்க காப்பி குடிக்கலாம், அங்கிள். ஆனா லிஸ்ட்ல ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க. ஒரு வரிசை, ஒரு வீடு. அதைக் கலைச்சிடாதீங்க."

"தம்பி, இலாகாவில நான் கட்டின பைலைப் பிரிக்கத் தனியா ஆள் வைச்சிருந்தாங்கள். எனக்கு வரிசை சொல்லித் தாறீரோ?"

வாசு சிரித்தான். யோகநாதன் சிரிக்கவில்லை.

*

மகள் குணபூசணியின் கலியாணத்துக்கு அழைக்கும் பேச்சு வந்ததும், தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும் என்றாள் நேசம்மா. கிள்ளானில் இருக்கும் தன் அண்ணன் பாலசுந்தரம் வீட்டில் தொடங்கி, சுங்கை வே வரைக்கும் சுற்றி வந்தால் இரண்டு சனி ஞாயிறுகளில் முடிந்துவிடும்.

"நேசம், காலம் மாறிப்போச்சு. ஃபெடரல் ஹைவேயில ஜாமில கிடந்தால் வெத்திலை வாடிப்போகும், நானும் வாடிப்போவன். கார்டுக்குள்ள வைக்கிற தாளில ஒவ்வொரு வீட்டாருடைய பேரும் அச்சில வரும். அதுவும் எப்படி? சும்மா 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் இன்னார்' எண்டு இல்லை. அம்மாமாருக்கு அவையின்ர சொந்தப் பேர். கோலாலம்பூரிலயே இதுவரை ஆரும் செய்யேல்லை."

"நேரில போய்ச் சொன்னாலும் சொந்தப் பேரைத்தானே சொல்லிக் கூப்பிடுறம்?"

"அது வாயால. இது பிரிண்டில."

குணபூசணி மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். மருத்துவர்களின் புரியாத கையெழுத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் என்பதால் அச்சு நல்லது என்று அப்பா பக்கம் சேர்ந்துகொண்டாள். தீர்மானம் நிறைவேறியது.

பட்டியல் தயாரிப்பதற்கே ஒரு வாரம் போனது. மூன்று பத்திகள்: முதலாவதில் ஐயாமார், நடுவில் அம்மாமார், கடைசியில் விலாசம். வரிசையை அகரவரிசைப்படி வைக்கலாம் என்றாள் மகள். யோகநாதன் ஒப்பவில்லை. உத்தியோக மூப்பின்படி வைத்தார். டிவிஷன் ஒன்று என்ற உயர்தரப் பதவியில் ஓய்வு பெற்றவர்கள் மேலே, பிறகு இரண்டு, பிறகு மற்றவர்கள். கடைசி வரிசையில் அவருடைய அலுவலகத்தில் பியூனாக இருந்த பக்கிரிசாமி, அவர் மனைவி வீரம்மா. எல்லாருக்கும் முதல் வரிசையில் நேசம்மாவின் அண்ணன் பாலசுந்தரம். அவர் மைத்துனர் மட்டுமல்ல, மாவட்ட அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர் என்பதால் அந்த இடத்தில் உறவும் விதியும் ஒத்துப்போயின.

"பந்தியில சோறு போடுறதும் இந்த வரிசைதானோ?" என்று நேசம்மா கேட்டாள்.

"போட்டால் பிழை இல்லை" என்றார்.

மாதிரிக்கு ஒரு தாள் அடித்துப் பார்த்தார். வீரசிங்கம் – இராஜம்மா தம்பதியின் தாள். சைவ சங்கத்துத் தலைவர் வீட்டுத் தாளே சரியாக வந்துவிட்டது. ஒரு புள்ளி பிசகில்லை. மூலையில் தன் சுருக்கொப்பத்தை இட்டு, 'அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டார். இலாகாவில் அங்கீகரித்த வரைவை மறுபடி வாசிப்பது வரைவு எழுதியவரை அவமதிப்பதாகும்.

அன்று பின்னேரம் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நேசம்மா தேநீர் கொண்டுவந்தவள் திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். மூக்குக்கண்ணாடி அடுப்படியில் இருந்தது. எழுத்து அவளுக்குத் தெரியவில்லை, கட்டங்கள் தெரிந்தன. எல்லாக் கட்டத்திலும் கறுப்பாக ஏதோ இருக்க, மேல் வரிசையில் மட்டும் ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது.

"அது ஆற்ற இடம்?"

"உங்கட அண்ணை வரிசை. சீதாலெட்சுமி இல்லையே, அதுதான்."

பாலசுந்தரத்தின் மனைவி சீதாலெட்சுமி போய் ஆண்டுத் திவசம் இப்போதுதான் முடிந்திருந்தது. தகப்பன் இல்லாத நேசம்மாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அந்த அண்ணன். பெண்சாதி போன பிறகு நல்ல காரியம் எதற்கும் வரமாட்டேன் என்று கிள்ளானில் கதவைச் சாத்திக்கொண்டவரை, 'நீங்க முன்னுக்கு நிக்காமல் குணத்துக்குத் தாலி ஏறாது' என்று அழுது சம்மதிக்க வைத்திருந்தாள்.

"கலியாணப் பட்டியலில, அதுவும் முதல் வரிசையில, வெறும் இடமே? அதை மூடுங்கோ."

"அது வெறும் கட்டம்தான், நேசம்."

"வெறுமை எண்டுதான் சொல்லுறன். மூடுங்கோ."

யோகநாதனுக்கு மெய்யாகவே ஒரு உற்சாகம் வந்தது. மனைவி கேட்ட ஒரு வேலையை அவள் கண்முன்னே செய்துகாட்ட அட்வான்ஸ்டு படித்தவனுக்கு இதைவிடச் சந்தர்ப்பம் வராது. கட்டத்தில் மவுஸை வைத்தார். அழி என்றார். இயந்திரம் உடனே அழித்துவிடவில்லை. திறமையான குமாஸ்தாவைப் போல் உத்தரவு கேட்டது. மற்றக் கட்டங்களை இடப்பக்கம் நகர்த்தவா? மேலே ஏற்றவா? வரிசையையே எடுத்துவிடவா?

"என்ன கேக்குது?"

"இடப்பக்கம் தள்ளட்டோ, மேல ஏத்தட்டோ எண்டு கேக்குது."

வரிசையை எடுத்தால் மைத்துனரே போய்விடுவார். இடப்பக்கம் மங்கல காரியத்துக்கு ஆகாது. மேலே ஏறுவதில் என்ன தீங்கு வரும்? ஆயுள் முழுவதும் மேலே ஏறுவதற்காகவே விண்ணப்பம் எழுதியவர் அவர்.

"மேல ஏத்தட்டும்" என்று விசையை அழுத்தினார். அழுத்தியவர் திரையைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தில் வியப்பு வருகிறதா என்று பார்த்தார். நேசம்மா திரையைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் பார்த்தாள். வெள்ளையாக இருந்த கட்டத்தில் கறுப்பாக ஏதோ வந்துவிட்டது.

"இப்பத்தான் நிறைவா இருக்கு" என்று வெறும் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் பிரிண்டர் காலையிலிருந்து மதியம்வரை கிறீச்சிட்டது. தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக முகம் குப்புற விழுந்தன. உறைகளில் ஐயாமார் பெயரும் விலாசமும் மட்டும். குணபூசணி அதே வரிசையில் தாளை மடித்துக் கார்டுக்குள் வைத்து, உறையிலிட்டு, மஞ்சள் தடவினாள். யோகநாதன் வாசு சொன்னபடியே காப்பி குடித்தார்.

*

சனிக்கிழமை காலை தபால்காரரின் மோட்டார் சைக்கிள் தெருவைத் தாண்டி அதிக நேரம் ஆகவில்லை. அடுத்த தெருவிலிருந்த வீரசிங்கம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். இடுப்பில் சறமும் மேலே பனியனும். சங்கத் தலைவர் சட்டை போடாமல் தெருவில் நடந்ததைப் பிரிக்பீல்ட்ஸ் அன்றுதான் பார்த்தது.

"வாரும், வாரும். கார்டு கிடைச்சுதே? எழுத்து எப்படி?" என்றார் யோகநாதன்.

"எழுத்து நல்ல வடிவு. ஆள்தான் மாறிப்போச்சு."

"எந்த ஆள்?"

வீரசிங்கம் தாளை நீட்டினார். 'மிஸ்டர் வீரசிங்கம் அண்ட் மிஸஸ் பவுனம்மாள்' என்று சாய்ந்த எழுத்தில், தடித்து, அழகாக இருந்தது.

யோகநாதன் அதை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். வாசிக்க வாசிக்கப் பவுனம்மாள் மாறவில்லை.

"பவுனம்மாள்… நாகையாவின்ர…"

"அவ ஆர் எண்டு எனக்குத் தெரியும்! எப்ப எனக்குப் பெண்சாதி ஆனவ எண்டுதான் தெரியேல்லை. யோகம், கோயில் அடுப்படியில என்ர மனிசிக்கும் பவுனம்மாவுக்கும் முகம் பார்த்துப் பேச்சு இல்லை. அது தெரிஞ்சும் இதைச் செய்திருக்கிறீர்."

"இராஜம்மா என்ன சொல்லுறா?"

"ஒண்டும் சொல்லேல்லை. தோசைக்கல்லைக் கவிட்டு வைச்சிட்டு உள்ளுக்குப் போய்ப் படுத்திட்டா. திட்டினாலாவது பரவாயில்லை. முப்பது வருஷத்தில இப்பதான் முதல்முறையா சும்மா இருக்கிறா. எனக்குப் பயமா இருக்கு."

யோகநாதன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அதற்குள் தொலைபேசி மணி அடித்தது.

"மிஸ்டர் யோகநாதன்? மார்க்கிரட் பேசுறன்." ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, பட்டியலின் இரண்டாம் வரிசையில் இருந்த செல்வரத்தினத்தின் மனைவி. பள்ளிக்கூடம் விட்டும் குரல் இன்னும் பிரம்பை விடவில்லை. "என்ர ஹஸ்பண்டுக்கு நீங்கள் இராஜம்மா எண்டு ஒரு லேடியைக் குடுத்திருக்கிறீங்கள்."

"மேடம்… அது… மெஷின்…"

"சரி, குடுத்திட்டீங்கள். ஹீ இஸ் வெரி ஹாப்பி. கண்ணாடிக்கு முன்னால நிண்டு தலை வாருறார். நான் எங்க போறது எண்டு கார்டில இல்லையே, அதைத்தான் கேக்கலாமெண்டு எடுத்தன்."

"மேடம், அது அப்ரூவ் பண்ணின டிராஃப்ட்…"

"ஆர் அப்ரூவ் பண்ணினது?"

யோகநாதன் தன் வாழ்நாளில் முதல் முறையாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தார்.

'இராஜம்மா' என்ற சொல் வீரசிங்கத்தின் காதில் விழுந்துவிட்டது. "என்ர மனிசியை ஆருக்குக் குடுத்தீர்? செல்வரத்தினத்துக்கோ?" என்று கேட்டவர் சற்று நின்று யோசித்தார். "ஐயோ, அவ அறிஞ்சால் எழும்பி வந்திடுவா. அவர் டிவிஷன் ஒண்டு அல்லோ" என்று நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

தொலைபேசி வைத்த சூடு ஆறுவதற்குள் மறுபடி அடித்தது. சுங்கை வேயிலிருந்து பக்கிரிசாமி.

"ஐயா, பக்கிரி பேசுறேன். பாப்பா கல்யாணக் கார்டு வந்துச்சுங்க, ரொம்ப சந்தோஷம். பேரெல்லாம் பிரிண்ட் போட்டு, டத்தோ பட்டம் வாங்குனவங்க வூட்டுக் கார்டு மாதிரி இருக்கு. ஒரே ஒரு டவுட்டு."

"சொல்லு பக்கிரி."

"எம் பேரு இருக்கு. 'அண்ட் மிஸஸ்'னும் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லைங்களே. வீரம்மா அடுப்புக்கிட்ட நின்னு கேக்குது, 'என்னைய கூப்பிடலையா, இல்ல வேற யாரையாச்சும் பார்த்துக் கூட்டியாரச் சொல்லி இடம் விட்டிருக்காங்களா'ன்னு. நான் சொன்னேன், ஐயா வரைவுல ஒண்ணு விட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு. என்ன காரணங்க, ஐயா?"

அலுவலகத்தில் பக்கிரிசாமி எத்தனையோ கோப்புகளை அவர் மேசைக்குச் சுமந்திருக்கிறார். அவற்றில் எதுவும் இந்தக் கேள்வி அளவுக்குக் கனக்கவில்லை.

"வீரம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. நான் நேரில வந்து சொல்லுறன்" என்று மட்டும் சொன்னார்.

மழை வரப்போகும் புழுக்கம். பணியாரத்துக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த நேசம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மணி அடித்தது, இந்த முறை அவளே எடுத்தாள்.

"அண்ணையோ? கார்டு கிடைச்சுதே?"

கேட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் இருந்த இருவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அங்கிருந்து வந்தது நீண்ட பேச்சல்ல. ஒரு வரி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வைத்துவிட்ட சத்தம். நேசம்மா ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?"

"கலியாணத்துக்கு வரேல்லையாம்."

வீரசிங்கம் மெல்ல எழுந்து, தன் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சொல்லாமல் போய்விட்டார். தன் வீட்டு நெருப்பைவிடப் பெரிய நெருப்பு இங்கே பற்றியிருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

குணபூசணிதான் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பட்டியலைப் பார்த்ததும் அவள் கை வாய்க்குப் போனது.

"அப்பா, மாமி இருந்த கட்டத்தை டிலீட் பண்ணீங்களா?"

"வரிசையைத் தொடேல்லை. கட்டத்தை மட்டும்தான்."

"கட்டத்தைத் தூக்கினா அந்தப் பத்தி முழுசும் ஏறும்ப்பா! எல்லா ஆன்டியும் ஒரு வீடு மேல போயிட்டாங்க. மார்க்கிரட் ஆன்டி, இராஜம்மா ஆன்டி, பவுனம்மா ஆன்டி, எல்லாரும். கடைசியில பக்கிரி அங்கிளுக்கு யாரும் மிஞ்சலை. ஐயோ, இத்தனை கார்டையும் என் கையால மஞ்சள் வெச்சு அனுப்பியிருக்கேனே!"

"அண்ணைக்குப் பக்கத்தில?" என்றாள் நேசம்மா. "அண்ணைக்குப் பக்கத்தில ஆர் வந்திருக்கு?"

"மார்க்கிரட் ஆன்டி, அம்மா."

நேசம்மா மாக்கையோடு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சட்டையில் வெள்ளையாக ஐந்து விரலும் பதிந்தன.

"நான்தான் மூடச் சொன்னன். கண்ணாடி போடாமல் பார்த்து, நிறைவா இருக்கெண்டும் சொன்னன்."

யோகநாதன் நடுச்சுவரைப் பார்க்காமல் இருக்க முயன்றார். சிவப்பு முத்திரை எங்கே திரும்பினாலும் கண்ணில் பட்டது.

*

ஞாயிறு காலை தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் வைத்து, நேசம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஃபெடரல் ஹைவேயில் ஜாம். சுங்கை வேயைத் தாண்டுவதற்கு முன்னே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் நீர் வழிய, முன்னால் நின்ற லோரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது.

"வெத்திலை வாடேல்லை" என்றாள் நேசம்மா. வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிறகு அவள் சொன்னது அது ஒன்றுதான்.

கிள்ளானில் மேருவுக்குப் போகும் சாலையை ஒட்டிய குறுக்குத் தெருவில் பாலசுந்தரத்தின் வீடு. வாசல் கேட் பூட்டியிருக்கவில்லை. அவர் அடுப்படியில் சொதி வைத்துக்கொண்டிருந்தார். பெண்சாதி இருந்தவரை அவருக்கு உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்று தெரியாது. இப்போது தேங்காய்ப்பால் திரையாமல் கிண்டிக்கொண்டிருந்தார்.

"இருங்கோ. இதை இறக்கிப்போட்டு வாறன்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

இருவரும் உட்காராமல் நின்றார்கள். மேசையில் கார்டு விரித்தபடியே கிடந்தது. யோகநாதன் வழியெல்லாம் மனதுக்குள் எழுதிக்கொண்டு வந்த மன்னிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் அதற்கு முதல் சொல்லே வரவில்லை.

பாலசுந்தரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார்.

"மச்சான்," என்று தொடங்கினார் யோகநாதன், "பட்டியலில ஒரு டெக்னிக்கல்…"

"அதை விடும். நான் சொல்லுறதைக் கேளும். உறையில என்ர பேர் மட்டும் இருந்துது. இப்ப எல்லா உறையும் அப்படித்தானே வருகுது. திறந்தால் உள்ளுக்கு, மிஸ்டர் பாலசுந்தரம் அண்ட் மிஸஸ் எண்டு கிடக்கு. அந்த மிஸஸ் மட்டும்தான் வாசிச்சன். வாசிச்சுப்போட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சன். பாருமன், யோகம் மறக்கேல்லை, சீதாவையும் கூப்பிட்டிருக்கிறான் எண்டு நினைச்சன். பிழை எண்டாலும் நல்ல பிழை எண்டு நினைச்சன். பிறகு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் மார்க்கிரட்."

மழை தகரக் கூரையில் இரைந்தது. யோகநாதன் தரையைப் பார்த்தார்.

"சிரிப்பு வந்ததோ ஆத்திரம் வந்ததோ தெரியேல்லை. போனை எடுத்தன், வரேல்லை எண்டு சொன்னன், வைச்சன். மார்க்கிரட்டில எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல மனிசி. என்னை ஒருக்கால் பார்த்து நிமிர்ந்து நில்லுங்கோ எண்டு சொன்னவ."

"அண்ணை," என்றாள் நேசம்மா, "அவர் செய்யேல்லை. நான்தான் மூடச் சொன்னன். உங்கட பேருக்குப் பக்கத்தில வெறும் இடம் கிடந்துது. நல்ல காரியத்தில வெறும் இடம் கூடாதெண்டு…"

"வெறும் இடமோ?"

நேசம்மா தட்டத்தை மேசையில், கார்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அது வெறும் இடமில்லை, நேசம். அவள் இருந்த இடம். வீட்டில அவளின்ர கட்டிலை எடுத்து வைக்கச் சொல்லி எத்தினை பேர் சொல்லிப்போட்டினம். எடுத்தால் அதில வேற என்னவோ வந்து குந்தும். பழைய பேப்பரோ, துணி மூட்டையோ. இடம் சும்மா இராது. நீ மூடினாய், இஞ்ச பார், ஊரான் பெண்சாதி வந்து இருக்கிறா."

சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசிச் சொல்லில் திடீரென்று சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. நேசம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யோகநாதனுக்குப் பிடிபடவில்லை, கேட்கவும் துணிவில்லை.

"செல்வரத்தினத்துக்கு ஆர் போனது?" என்று கேட்டார் பாலசுந்தரம்.

"இராஜம்மா."

"வீரசிங்கத்துக்கு?"

"பவுனம்மாள்."

"ஐயோ பாவம், இரண்டு பேரும் அடுப்படியில…" என்று மேசையில் கையால் தட்டினார். "கடைசியில ஆர் தனிச்சது?"

"பக்கிரிசாமி. என்ர ஆபீஸ் பியூன்."

"அப்ப அவனும் ஒரு நாள் என்னைப் போலத்தான் தனிச்சு இருந்திருக்கிறான். அவனிட்டப் போய் முதல் மன்னிப்புக் கேளும். நான் உம்மட சொந்தக்காரன், பொறுப்பன்."

யோகநாதன் தலையசைத்தார். தட்டத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் யார் முன்னும் குனிந்ததில்லை. இப்போது முதுகு தானாகவே வளைந்தது.

"மச்சான், குணத்தின்ர கலியாணத்துக்கு வாங்கோ. முன்னுக்கு நில்லுங்கோ."

பாலசுந்தரம் தட்டத்தை உடனே வாங்கவில்லை.

"வாறன். ஆனால் சரியான கார்டு ஒண்டு வேணும். என்ர பேர் இருக்கட்டும். பக்கத்தில இடம் விடுங்கோ. பேர் எழுத வேண்டாம். அது மங்கலமோ இல்லையோ எண்டு நீங்கள் இரண்டு பேரும் அடிபட வேண்டாம். இடத்தை மட்டும் விடுங்கோ."

"விடுறம், அண்ணை."

"சரி. இப்ப இடியப்பம் அவிச்சிருக்கிறன், சாப்பிடுங்கோ. சொதியில உப்புக் கூட எண்டால் சொல்லக்கூடாது."

உப்புக் கூடத்தான் இருந்தது. யோகநாதன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

*

திரும்புகிற வழியில் சுங்கை வேயில் இறங்கினார்கள். பக்கிரிசாமி வாசலிலேயே பதறி எழுந்தார். யோகநாதன் மனைவி கையிலிருந்த வெற்றிலையை வாங்கி, வீரம்மாவிடம் பெயர் சொல்லி நீட்டினார். வீரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"கார்டுல இல்லாட்டி என்னங்க, இப்ப கூப்பிட்டுட்டீங்கல்ல" என்றாள். பிறகு அடக்க முடியாமல் கேட்டாள்: "ஆனா ஐயா, இந்த ரெண்டு நாளும் நான் யார் வூட்டுல இருந்தேன்?"

பட்டியலில் ஒரு வரிசை மேலே இருந்தவரின் பெயரைக் கேட்டதும், "ஏ, பெரிய வூடு!" என்று புருஷனின் விலாவில் இடித்தாள். யோகநாதன் பட்டியல் வரிசை எதன்படி போட்டது என்பதை அங்கே சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும்போது மழை விட்டிருந்தது. அவர் நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கம்ப்யூட்டரிடம் போனார். நேசம்மா முதலில் அடுப்படிக்குப் போனாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

முதல் வரிசையில் மார்க்கிரட் இருந்தார். யோகநாதன் அந்தக் கட்டத்தில் மவுஸை வைத்து, இங்கே புதிதாக ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டார். இயந்திரம் பழையபடி உத்தரவு கேட்டது.

"இப்ப என்னவாம்?"

"இருக்கிறதை வலப்பக்கம் தள்ளட்டோ, கீழ இறக்கட்டோ எண்டு கேக்குது."

அவர் தானாக அழுத்தவில்லை. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"இறக்கச் சொல்லுங்கோ" என்றாள்.

அழுத்தினார். இந்த முறை இருவரும் திரையைத்தான் பார்த்தார்கள். மார்க்கிரட் ஒரு படி இறங்கிச் செல்வரத்தினத்திடம் போனார். இராஜம்மா வீரசிங்கத்திடம் போனார். பவுனம்மாள் நாகையாவிடம். பட்டியல் முழுக்க, கலியாணவீடு முடிந்து கலைகிற கூட்டத்தைப் போல, அம்மாமார் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் வீரம்மா பக்கிரிசாமிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

யோகநாதனின் கை பிரிண்டர் பக்கம் போனது.

"பொறுங்கோ. முதல் ஒருக்கால் வாசியுங்கோ. சத்தமா."

"எல்லாத்தையுமே?"

"எல்லாத்தையும். நாளைக்கு வெத்திலையோட நீங்கள்தான் கொண்டுபோய்க் குடுக்கப் போறீங்கள்."

அங்கீகரித்த வரைவு, சுருக்கொப்பம் என்று அவர் ஏதும் பேசவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அலுவலகத்தில் வருகைப் பதிவு வாசிப்பதுபோல் தொடங்கினார்.

"மிஸ்டர் பாலசுந்தரம் அண்ட் மிஸஸ்…"

கட்டம் வெள்ளையாக இருந்தது. அவர் குரல் அங்கே போய் நின்றுவிட்டது. மேலே போவதா, விட்டுவிட்டுத் தாண்டுவதா என்று தெரியாமல் மனைவி பக்கம் திரும்பினார்.

நேசம்மா அந்தக் கட்டத்தைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கிறா" என்றாள். "அடுத்ததை வாசியுங்கோ."